பின்னால் மாட்டிய பெல்ட்

என் வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரைக்கும் குறுக்காக ஒரு கோடு இருந்தது. முதலில் சிவப்பு, அப்புறம் கத்திரிக்காய் நிறம், கடைசியில் பழுத்த இலை மாதிரி மஞ்சள். காரின் சீட் பெல்ட் என்னைப் பிடித்து நிறுத்தியதில் விழுந்த தடம். திருச்சி ஆஸ்பத்திரியில் என் கணவரைப் பார்க்க வந்த பெண்கள் எல்லோருக்கும் அதையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கட்டில் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டபின், என்னை வராண்டா ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "எங்க, காட்டு புள்ள" என்பார்கள். சேலையை விலக்கிக் காட்டுவேன். "ஒனக்கு ஆயுசு கெட்டி" என்பார்கள். அதைச் சொன்னபோது யார் முகத்திலும் சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

உள்ளே படுத்திருந்தவருக்குக் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருந்தது. தலை அசையும், வாய் பேசும், அதற்குக் கீழே ஒன்றும் அவர் பேச்சைக் கேட்காது. அவர் நெஞ்சில் கோடு எதுவும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை போல மழமழவென்று இருந்தது. அந்த நெஞ்சு பின்னால் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அரிமளத்தில் எங்கள் வீட்டில் மாமியார் இறந்துபோனார். மறுநாள் சுடுகாட்டில் எலும்பு பொறுக்கி, பாலில் கழுவி, மண்கலயத்தில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். கட்டுமாவடிக்குப் போய்க் கடலில் கரைக்க வேண்டும். கொள்ளி வைத்த மகன் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும், கடல் வரும்வரை எங்கேயும் இறக்கிவைக்கக் கூடாது. பங்காளிகள் ஒரு வேனில் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் காரில் மூன்று பேர். ஓட்டியது நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு, போய்வரக் கார் ஓட்டக் கற்றிருந்தேன். என் கணவர் கணக்கு வாத்தியார், சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. அவர் முன்சீட்டில் கலயத்தோடு. பின்னால் என் நாத்தனார்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு மூத்தவர், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எங்கள் பக்கத்தில் சாவோ, சடங்கோ, கல்யாணமோ, எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். தாம்பாளத்தில் வெற்றிலையின் நுனி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது வரைக்கும் அவர் வாக்குத்தான். ஐயர்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மணியை எடுப்பார். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் செய்ததில் சரியாக இருந்தது என்று ஒன்றைக்கூட அவர் சொன்னதில்லை. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, என் நாக்கும் நீளம்தான்.

"பெல்ட்டப் போடுங்க" என்றேன்.

அவர் பெல்ட்டை இழுத்தார். கலயத்தின் மேல் அது குறுக்காக விழுந்தது. பின்னாலிருந்து நாத்தனார் தம்பியின் தோளைப் பிடித்தார்.

"ஏண்டா, ஆத்தாவப் பட்டை போட்டுக் கட்டப் போறியா?"

அவர் கை அப்படியே நின்றது. பெல்ட்டை விட்டுவிட்டார்.

"போடாம நான் எடுக்க மாட்டேன், மதினி" என்றேன்.

"கலயத்த வச்சிருக்கறவன் மேல கட்டு எதுவும் ஆகாது. ஒங்க ஊர்ல எப்படியோ. மெதுவா ஓட்டிக்கிட்டு வா."

"அக்கா சொல்லுதுல்ல, விடு" என்றார் இவர்.

இது எந்த ஊர் முறை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாவு வீட்டில் வாசலில் நின்று சண்டை போட்டவள் என்ற பேர் வேண்டாம் என்று வண்டியை எடுத்தேன். எடுத்ததும் கார் கத்த ஆரம்பித்தது. பெல்ட் மாட்டவில்லை என்றால் விடாமல் பீப், பீப் என்று கத்துகிற கார் அது. அரிமளம் எல்லை தாண்டுகிறவரை பொறுத்துப் பார்த்த நாத்தனார், "இந்த எழவு வண்டி கத்தறத நிறுத்து. ஆத்தா போற வழியில இது என்ன சத்தம்" என்றார்.

"பெல்ட்டு மாட்டுனாத்தான் நிக்கும்."

அவ்வளவுதான். பின்சீட்டிலிருந்து கையை நீட்டி, தம்பியின் தோள் பக்கத்தில் தொங்கிய பெல்ட்டை இழுத்து, அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து, டக்கென்று மாட்டிவிட்டார். கார் வாயை மூடிக்கொண்டது. "நின்னுச்சா? போ" என்றார். இவர் இரண்டு கையாலும் கலயத்தை அணைத்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறந்தாங்கி தாண்டி, நாகுடியும் தாண்டிய பிறகு, எதிரே வந்த பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு மினி லாரி என் பக்கமாக ஏறி வந்தது. மீன் ஏற்றிய லாரி. ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவனுக்கு. பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங்கிலிருந்த ஏர்பேக் வெடித்து என் முகத்தில் அறைந்தது. அவர் பக்கத்தில் ஏர்பேக் கிடையாது, அது வருவதற்கு முந்தைய வருஷத்து வண்டி. கண்ணைத் திறந்தபோது பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை. காலி சீட்டில் பெல்ட் மட்டும் மாட்டியபடியே கிடந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை.

ரோட்டில் ஐஸ், சங்கரா மீன், சாம்பல். அவர் சாம்பலுக்கு நடுவில் கிடந்தார். முகமெல்லாம் அவர் அம்மா. கண் திறந்திருந்தது. நான் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் கழற்றி இறங்குவதற்குள் நாத்தனார் இறங்கிவிட்டார், உதடு கிழிந்து ரத்தம் ஒழுகியது. இறங்கியவர் தம்பியிடம் போகவில்லை. ரோட்டில் மண்டி போட்டு, மீனையும் ஐஸையும் ஒதுக்கி, எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டார். "ஆத்தா, ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே பொறுக்கினார். தம்பி உயிரோடு கிடக்கிறான் என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நான் பார்த்தேன். அந்த ஒன்றுக்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கவும் எண்ணம் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தபோது ஊர் ஒரு கதையை முடிவு செய்து வைத்திருந்தது. ஓட்டினவள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள், புருஷனைக் கட்டாமல் விட்டுவிட்டாள். கைகாரி. கலயத்தின் கதையையும், பின்னாலிருந்து நீண்ட கையையும் நாத்தனார் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். "அக்காவ இழுக்காத" என்று அவர் கேட்டுக்கொண்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

லாரிக்காரன் மேல் தப்பு என்று போலீஸே எழுதிவிட்டது. நஷ்ட ஈடு கேட்டுப் புதுக்கோட்டைக் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். இதில் வாதாட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பதில் போட்டது. லாரி மோதியது உண்மைதான், ஆனால் அடிபட்டவர் சீட் பெல்ட் போடவில்லை, போட்டிருந்தால் கழுத்து முறிந்திருக்காது, ஆகவே பாதித் தப்பு அவருடையது என்று அதில் இருந்தது. படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "குடுக்கறதக் குடுக்கட்டும். என் தப்புன்னு மட்டும் கோர்ட்டு எழுதிரக் கூடாது" என்றார். அதைச் சொல்லும்போது வாய் கோணிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தப்புக் கணக்குக்குச் சிவப்புக் கோடு போட்ட மனுஷன். தனக்கு ஒன்று விழக் கூடாது என்று அவ்வளவு ஆசை.

எங்கள் வக்கீல், போலீஸ் எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். காலி சீட்டும் மாட்டிய பெல்ட்டும் அதில் தெளிவாக இருந்தன. "கடவுளாப் பாத்துக் குடுத்த போட்டோம்மா. பெல்ட்டு மாட்டியிருக்கு பாருங்க. வேற என்ன வேணும்?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இத நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்ல. சரிங்களா?"

நாத்தனாரும் அதையே சொன்னார். "போட்டிருந்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. ஒனக்கு வாய்க்கா பஞ்சம்?"

பொய் சொல்ல எனக்கொன்றும் கூச்சம் கிடையாது. மாத்திரை தீர்ந்துபோனால் "நாளைக்கு வந்துரும்" என்று நாள் தவறாமல் சொல்கிறவள்தான். கணவர் பெல்ட் அணிந்திருந்தார் என்று வக்கீல் எழுதிக்கொண்டு வந்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டில் ஏறினேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மெல்லிய குரல்காரர். அம்மா அம்மா என்றுதான் பேசினார்.

"வண்டிய ஓட்டுனது நீங்கதானம்மா?"

"ஆமாங்க."

"பெல்ட்டு போட்டிருந்தீங்க?"

"போட்டிருந்தேன்."

"ஒங்களுக்கு எலும்பு எதுவும் முறியலையே?"

"இல்லைங்க."

"ஒங்க நெஞ்சுல பெல்ட்டு பதிஞ்ச தடம் இருந்துச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. சரிங்களா?"

"சரிங்க."

"ஒங்க வீட்டுக்காரர் நெஞ்சுல அந்தத் தடம் இருந்துச்சா?"

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்து, "பதில் சொல்லுங்கம்மா" என்றார்.

"இல்லைங்க."

"ஒரே காரு. ஒரே மோதல். நீங்க நடந்து வீட்டுக்குப் போனீங்க."

"அவர் பக்கம் ஏர்பேக் கிடையாதுங்க."

"பெல்ட்டு இருந்துச்சுலம்மா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவர் போட்டோவை எடுத்து என் கையில் கொடுத்தார். "பெல்ட்டு மாட்டுனபடியே இருக்கு. ஆளு கண்ணாடியத் தாண்டி ரோட்டுல கெடக்கறாரு. நழுவிப் போறதுக்கு அவரு என்ன வெலாங்கு மீனா?" இந்தத் தடவை நிறையப் பேர் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபித்துவிட்டு உட்கார்ந்தார். மெல்லிய குரல்காரர் அசையவில்லை.

"வண்டி கத்தாம இருக்கறதுக்காக, ஒங்க வீட்டுக்காரரே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால மாட்டி, எல்லாரையும் ஏமாத்திட்டு ஒக்காந்திருந்தாருன்னு சொன்னா, அது சரிதானம்மா?"

அந்த ஏமாற்று என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கண்டக்டர் மறந்துவிட்டால்கூட இறங்குவதற்குள் தேடிப் போய் டிக்கெட் வாங்குகிற ஆள் அவர். "சரி இல்லைங்க" என்றேன். "அவர் யாரையும் ஏமாத்தல. மடியில அம்மாவோட அஸ்தி, ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாரு. பெல்ட்டு போட வேண்டாம்னு சொன்னது அவங்க அக்கா. பின் சீட்டுல இருந்து கைய நீட்டி முதுகுக்குப் பின்னால மாட்டுனதும் அவங்கதான். அந்தா ஒக்காந்திருக்காங்க, கேளுங்க."

கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். நான் சொன்னதை ஜட்ஜ் வரி வரியாகச் சொல்ல, டைப் அடித்தார்கள். முதலில் ஒன்று சொல்லி இப்போது ஒன்று சொல்கிறேன் என்பதையும் சேர்த்து அடித்தார்கள்.

அது ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. தம்பி முடங்கியதே அக்காவாலதானாம் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். அடுத்த முகூர்த்தத்தில் ஒரு வீட்டில் தாலி கோக்க வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். கை ராசியில்லாதவர் என்றார்கள். நாத்தனார் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். சொல்லக் கூடாதுதான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் நெஞ்சுக் கோட்டைப் பார்க்க வந்தவர்கள் இப்போது அவர் வீட்டு வாசலை எட்டிப் பார்த்தார்கள். நன்றாக அனுபவிக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். கட்டிலில் கிடந்தவர் காதிலும் அது விழுந்தது.

எங்கள் வக்கீலுக்குக் கோபம் ஆறியபின் ஒரு வழி தெரிந்தது. "இனிமே உண்மையையே பிடிச்சுக்குவோம். கையில அம்மாவோட அஸ்தி, பின்னால மாட்டுனது இன்னொருத்தர், அவரால திரும்பிக் கழட்டவும் முடியாது. ஜட்ஜும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். சார் வாயால அதையே சொல்லிட்டாருன்னா போதும், தப்பு அவரு மேல வராது."

அவரைக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால், வாக்குமூலம் வாங்க ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராக வீட்டுக்கே அனுப்பினார்கள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் வந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் கணவருக்கு முடி சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தேன். மூத்திரப் பையைப் போர்வைக்குள் மறைத்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்தபின் நாத்தனார் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். நேரே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், தம்பியின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தப் பாதத்துக்கு ஒன்றும் தெரியாது. கட்டிலில் கிடந்தவருக்கு, கண்ணால் பார்த்தால் தெரியுமே.

எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னார். பஸ், லாரி, வந்த வேகம், எல்லாம். அப்புறம் மெல்லிய குரல்காரர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெல்ட்டை முதுகுக்குப் பின்னால மாட்டுனது ஒங்க அக்கான்னு ஒங்க மனைவி கோர்ட்டுல சொல்லியிருக்காங்க. அது சரிங்களா, சார்?"

அவர் கால்மாட்டைப் பார்த்தார். நாத்தனார் தலையைத் தூக்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்லைங்க" என்றார். "நானேதான் மாட்டுனேன்."

"சத்தம் வராம இருக்கவா?"

"ஆமா."

"ஒங்க அக்கா பெல்ட்டு போட வேண்டாம்னு சொன்னாங்களா?"

"அக்கா ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஒங்க மனைவி ஏன் அப்படிச் சொன்னாங்க?"

நான் கதவுப் பக்கம் காபித் தட்டோடு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து திரும்பும், அதுவரைக்கும் திரும்பும். கூரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்கும் அக்காவுக்கும் ஆகாதுங்க" என்றார்.

கமிஷனர் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எங்கள் வக்கீல் பேனாவை மூடிப் பையில் செருகினார். இன்சூரன்ஸ்காரர் வேறு கேள்வி இல்லை என்றார், நான் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டார், "சர்க்கரை அளவா இருக்கும்மா" என்றும் சொன்னார். நாத்தனார் பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு அழுதார். என்னைத் தாண்டிப் போகும்போது என் கையைத் தொட வந்தார். தட்டைக் காரணம் காட்டி நகர்ந்துகொண்டேன்.

தீர்ப்பு வந்தது. மனுதாரர் சீட் பெல்ட்டைத் தானே வேண்டுமென்று பின்னால் மாட்டிக்கொண்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், காயத்துக்கு அவருடைய கவனக்குறைவும் காரணம், மனைவியின் சாட்சியம் குடும்பப் பகையில் சொன்னது, முன்னுக்குப்பின் முரணானது, நம்பத் தகுந்ததல்ல. ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். அந்தப் பங்கு இருந்திருந்தால் அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த ஆளை நிறுத்தியிருக்க வேண்டாம். நிறுத்தியாயிற்று. இப்போது எல்லாம் நான்தான். அரிமளத்தில் நாத்தனாரை மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், அந்தப் பொம்பளை மேல அபாண்டமாப் பழி போட்டா இவ என்று என் காதுபடவே பேசினார்கள்.

தீர்ப்பை அவருக்கு வாசித்துக் காட்டிய அன்று சாயங்காலம் கேட்டேன். "என் தப்புன்னு எழுதிரக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே. அப்புறம் ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"அக்கா நாலு எடத்துக்குப் போக வர இருக்கற ஆளு" என்றார்.

"அப்ப நானு?"

"நீ எங்க போகப் போறே."

திட்டிச் சொல்லவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் டீ போட்டேன்.

அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் அது. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், புண் உள்ளே போய்விட்டால் ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அது அவருக்கும் தெரியும். "இந்தா, நேரமாச்சு" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் சத்தமாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம், "புண்ணு வந்துரும்மா, வந்து திருப்பி விடு" என்று கெஞ்சினார். டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனேன்.